செவிசாய்த்த மன்றம்

‘கேள்வி’ என்னும் சொல் வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். இரண்டாம் பொருளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு திருக்குறளில். அது இல்லறவியலிலோ துறவறவியலிலோ இல்லை. பொருட்பாலின் அரசியல் பகுதியில் அமைந்திருக்கிறது. ஆள்வோர்க்குப் பேசும் நாவைப்போலவே கேட்கும் செவியும் வேண்டும் என்பது நம் மரபின் தெளிவு. இத்தெளிவு ஒரு நாட்டின் தொடக்க நாள்களிலேயே சோதிக்கப்பட்டதை வரலாறு காட்டுகிறது.

1946 டிசம்பர் 9 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபை டில்லியில் முதன்முறையாகக் கூடியது. அவையில் காங்கிரஸே பெரும்பான்மை. முஸ்லிம் லீக் அவையைப் புறக்கணித்திருந்தது. சமஸ்தானங்களின் பிரதிநிதிகளும் இன்னும் வந்திருக்கவில்லை. டிசம்பர் 13-இல் ஜவாஹர்லால் நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிந்தார். அதை நிறைவேற்றுவதற்குத் தடை ஏதும் இல்லை. அந்நிலையில் எம். ஆர். ஜெயகர் எழுந்து, வராதவர்கள் வந்து கலந்துகொள்ள வாய்ப்பளிக்கும் பொருட்டு முடிவைத் தள்ளிவைக்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். விடுதலைக்காக நெடுங்காலம் காத்திருந்தோர்க்கு அது கசப்பான யோசனையாகவே இருந்தது.

டிசம்பர் 17 அன்று அவைத்தலைவர் இராசேந்திர பிரசாத், டாக்டர் அம்பேத்கரைப் பேச அழைத்தார். தமக்குமுன் இருபதுக்கு மேற்பட்டோர் இருப்பதால் மறுநாளே தம் முறை வரும் என்று எண்ணியிருந்த அம்பேத்கர் இவ்வழைப்பை எதிர்பார்க்கவில்லை. காங்கிரஸுக்கும் அவருக்கும் இடையே இருந்த பகை நாடறிந்தது. காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதார்க்குச் செய்தது என்ன என்று கடுமையாக வினவும் நூலை அவர் வெளியிட்டு ஓராண்டே ஆகியிருந்தது. பம்பாயிலிருந்து அவைக்கு வர வழியின்றி, வங்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர் அவர்.

அவர் தம் கருத்து வேறுபாட்டை மறைக்கவில்லை. தீர்மானம் தமக்கு ஏமாற்றம் அளிப்பதாகவே கூறினார்; உரிமைகளைச் சொல்லும் அது, அவை மீறப்பட்டால் தீர்வு யாது எனச் சொல்லவில்லை என்று குறை கண்டார். பின்னர், நாம் பகைகொண்ட பாசறைகளாகப் பிரிந்து கிடக்கிறோம், அத்தகைய ஒரு பாசறைக்குத் தாமும் தலைவரே என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் ஒருநாள் ஒரே மக்களாவோம் என்னும் நம்பிக்கையை வெளியிட்டார். அதிகாரம் வேறு, விவேகம் வேறு என்றார். பிறரை அச்சுறுத்தும் முழக்கங்களை ஒதுக்கி, எதிராளியின் தப்பெண்ணங்களுக்கும் சற்று இடங்கொடுத்து அவர்களை உடன் அழைத்துச் செல்ல வேண்டினார். எந்தக் கட்சியை அவர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தாரோ, அக்கட்சியினர் நிறைந்த அவை அவருக்குச் செவிசாய்த்தது, கரவொலி எழுப்பியது.

முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 1947 சனவரி 22 அன்றுதான் தீர்மானம் நிறைவேறியது. அதற்குள்ளும் லீக் வரவில்லை. அவ்வாண்டிலேயே நாடு இரண்டாயிற்று. அப்படியாயின் காத்திருந்தது வீண்தானே என்று கேட்கலாம். பண்பு என்பது வெற்றிக்கு உறுதிச்சீட்டு அன்று. கதவைத் திறந்துவைப்பது நம் கடமை. நுழைவதும் நுழையாததும் மற்றவருடைய உரிமை.

ஆனால், திறந்த கதவு வழியே வேறொன்று நிகழ்ந்தது. பிரிவினையால் அம்பேத்கர் தம் வங்க இடத்தை இழந்தார். அவருடைய பணி அவைக்குத் தேவை என்று பம்பாய் முதலமைச்சருக்கு எழுதினார் இராசேந்திர பிரசாத். பம்பாயிலிருந்து அம்பேத்கர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குக் கிடைத்தது, பதவி விலகிய ஜெயகரின் இடமே! 1947 ஆகஸ்டு 29-இல் அமைக்கப்பட்ட வரைவுக் குழுவுக்கு அவர் தலைவரும் ஆனார். ஓர் உரையே இத்தனையும் செய்தது என்பது மிகை. ஆயினும் அன்று கூச்சலிட்டு அவரை அமர்த்தியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கக்கூடும்.

கேட்கப்பட்டவர் கேட்கவும் கற்றிருந்தார். வரைவுச் சட்டத்துக்கு 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டு, அவற்றுள் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. 1949 நவம்பர் 25 அன்று நிறைவுரை ஆற்றிய அம்பேத்கர், கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் மறுத்துப் பேசிய காமத், கே. டி. ஷா, குன்ஸ்ரு முதலியோரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அவர்களுடைய திருத்தங்களை எல்லாம் அவர் ஏற்றுக்கொண்டவர் அல்லர்; எனினும், அவர்கள் இல்லாவிடில் அவை சுவையற்றுப் போயிருக்கும் என்றார்.

பணிவாகக் கேட்பது கொள்கையை விட்டுக்கொடுப்பது ஆகாது. 1951-இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியபோது அதே அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். மரியாதையும் உறுதியும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும்.

இன்று நம் விவாத மேடைகளில் குரல்கள் மிகுந்துவிட்டன, செவிகள் அருகிவிட்டன. மறுப்புரை எண்ணியபடியே மற்றவர் பேச்சுக்குக் காத்திருப்பதைக் கேட்டல் என்று சொல்லிவிட முடியாது. எதிர்த்து நிற்பவர் கூறுவதில் நம் முடிவை மாற்றக்கூடிய ஒரு சொல் இருக்கக்கூடும் என்று நம்பி அமர்வதே கேட்டல். அந்த நம்பிக்கை நம் இல்லங்களிலும் ஊர்க்கூட்டங்களிலும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது?