விமானமோட்டியின் ஊதியம்

ஒரு தொழிலின் வருங்காலம் எவ்வாறு அமையும் என்பதை அறிய விரும்புவோர், அத்தொழிலின் உச்சியில் இருப்போர் பெறும் ஊதியத்தை மட்டும் பார்த்தல் போதாது. அதன் வாயிலில் வந்து நிற்கும் இளைஞனுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். இவ்வுண்மையை ஐக்கிய அமெரிக்காவின் விமானமோட்டிகளுடைய வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட அவ்வரலாற்றில், உயிரைப் பணயம் வைத்தோரின் காலம், உயர்ந்த ஊதியம் பெற்றோரின் காலம், விமானியைத் தேடிக் கம்பனிகள் அலைந்த காலம் என்னும் மூன்றையும் காணலாம்.

1918 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி வாஷிங்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே விமானத் தபாற் சேவை தொடங்கியது. முதலில் இராணுவ விமானிகள் தபாலைச் சுமந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் தபாற் பகுதியே சேவையைப் பொறுப்பேற்றுத் தனக்கென விமானிகளை அமர்த்திக்கொண்டது. திறந்த விமானங்களில், வழிகாட்டும் கருவிகள் இன்றி, இருப்புப் பாதைகளையும் ஆறுகளையும் அடையாளமாகக் கொண்டு அவர்கள் பறந்தனர். அடுத்த எட்டாண்டுகளுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட விமானிகள் மாண்டனர். மூடுபனி கவிந்த நாளிலும் பறக்கவேண்டும் என்று மேலதிகாரிகள் பணித்தனர். 1919 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இருவர் அவ்வாறு பறக்க மறுத்து வேலை நீக்கப்பட்டனர். உடனே அவர்தம் தோழர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். சில நாட்களுள் இணக்கம் ஏற்பட்டது. வானிலையைப் பற்றிய முடிவு, தொலைவிலிருந்த தலைமை அலுவலகத்திலிருந்து அந்தந்த விமானத்தளத்தின் பொறுப்பாளரிடம் மாற்றப்பட்டது. ஆகவே, அமெரிக்க விமானிகளின் முதற் போராட்டம் கூலிக்காக எழுந்ததன்று, உயிர்க்காப்புக்காக எழுந்தது. பின்னாளில் ஊதியம் பற்றி எழுந்த வழக்குகளிலும் இப்பாதுகாப்புக் கேள்வி உள்ளீடாக இருந்துவந்தது.

1925 ஆம் ஆண்டில் நிறைவேறிய கெல்லி சட்டம் விமானத் தபாலைத் தனியார் கம்பனிகளுக்குக் குத்தகையாகக் கொடுக்க வழிசெய்தது. பின்னர்ப் பெயர்பெற்ற பெரிய விமானக் கம்பனிகள் பல இக்குத்தகையினாலேயே வளர்ந்தவை. ஆனால் 1929 ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியிலே கம்பனிகள் விமானிகளின் ஊதியத்தைக் குறைக்க முற்பட்டன. 1931 ஆம் ஆண்டில் டேவிட் பென்கி என்பாரின் தலைமையில், சிக்காகோவைத் தளமாகக் கொண்டு விமானிகள் சங்கம் தோன்றியது. சங்கத்திற் சேர்ந்தவன் வேலையிழப்பான் என்ற அச்சம் இருந்தமையால் தொடக்க வேலைகள் மறைவாகவே நடந்தன. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. ஈ. எல். கோர்ட் என்னும் செல்வரின் செஞ்சுரி விமானக் கம்பனி ஊதியத்தைக் கடுமையாகக் குறைக்கவே, 1932 பெப்ரவரியில் அதன் விமானிகள் வேலையை விட்டு வெளியேறினர். அப்போது காங்கிரஸ் சபையில் அங்கத்தவராயிருந்த லகார்டியா, அனுபவமற்றோரைக் கொண்டு விமானம் ஓட்டுதல் பயணிகளுக்கு ஆபத்து என்று அவர்கள் பக்கம் நின்றார். கோர்ட் இணங்கவில்லையாயினும் இரு மாதங்களுள் அக்கம்பனி கைமாறிற்று. தம் குறை பொதுமக்களின் குறையுமாகும் என்பதை நாட்டுக்கு உணர்த்தமுடியும் என்று விமானிகள் அறிந்துகொண்டனர்.

இதன்பின் எழுந்த வழக்கு நுட்பமானது. 1933, 1934 ஆம் ஆண்டுகளில் போயிங் 247, டக்ளஸ் டி. சி. 2 என்னும் வேகம் மிகுந்த விமானங்கள் வந்தன. முன்னர் பத்து மணி நேரத்திற் கடந்த தூரத்தை இப்போது மிகக் குறைந்த நேரத்திற் கடக்கலாம். மணிக்கணக்கில் ஊதியம் கொடுத்தால், கூடுதல் வேகத்தின் பயன் முழுவதும் கம்பனிக்கே சேரும். மைல் கணக்கில் கொடுத்தால், அது விமானிக்கே சேரும். இரு சாராரும் விட்டுக்கொடாத நிலையில், 1934 ஆம் ஆண்டில் தேசிய தொழிலாளர் சபை தனது 83 ஆம் இலக்கத் தீர்ப்பை வழங்கியது. அடிப்படைச் சம்பளம் ஒன்று, மணிக்கணக்கு ஒன்று, மைல் கணக்கு ஒன்று என மூன்றையுஞ் சேர்த்து ஊதியம் கணிக்கவேண்டும் என்றும், மாதத்தில் 85 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானியைப் பறக்கவிடலாகாது என்றும் அத்தீர்ப்பு விதித்தது. வேகத்தின் பயனை முதலாளியும் தொழிலாளியும் பங்கிட்டுக்கொண்டனர். 1938 ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் இத்தீர்ப்பைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அச்சட்டத்தின் வழியே கட்டணங்களும் பாதைகளும் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கம்பனிகள் ஒன்றன் விலையை மற்றொன்று அறுக்க இயலாத அச்சூழலில், ஊதியமும் நிலைபெற்று உயர்ந்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகளைப் பொற்காலம் என்பாருமுளர். அதனுள் இரண்டு செய்திகள் அடங்கியிருந்தன. முதலாவது, புதிய விமானிகளை உருவாக்கும் செலவைப் பெரும்பாலும் கம்பனிகள் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரும், அதன்பின் கொரிய, வியட்நாம் போர்களும் அரசாங்கச் செலவிற் பயின்ற விமானிகளை ஆயிரக்கணக்கில் அளித்தன. தோண்டாத கிணற்றில் நீர் ஊறியது போல ஆட்கள் கிடைத்தனர். இரண்டாவது, விமானியின் ஊதியம் சேவை மூப்பையும் விமானத்தின் பருமனையும் பொறுத்ததாயிற்று. பெரிய விமானத்தை ஓட்டுபவன் மிகுதியும் பெற்றான். சிறிய விமானத்தை ஓட்டுபவன் குறைவாகவே பெற்றான். ஒரு கம்பனியை விட்டு இன்னொன்றுக்குச் செல்பவன், இருபதாண்டு அனுபவம் உடையவனாயினும், அங்கே கடைசிப் படியில் நின்றே தொடங்கவேண்டும். எல்லோரும் ஒரே ஏணியில் ஏறிய காலத்தில் இம்முறை பெருந் தீங்கு விளைக்கவில்லை. ஏணி இரண்டாக வெட்டப்பட்டபோதுதான் அதன் கொடுமை வெளிப்பட்டது.

1978 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. பயணச் சீட்டின் விலை இறங்கியது. சாதாரண மக்களும் விமானத்திற் செல்லத் தொடங்கினர். இந்நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் விலைப்போட்டியின் பாரம் ஊதியத்தின்மேல் விழுந்தது. 1983 ஆம் ஆண்டில் பிராங் லொரென்சோவின் தலைமையில் இருந்த கொன்டினென்டல் கம்பனி வங்குரோத்து நீதிமன்றத்தை நாடி, தொழிற்சங்க ஒப்பந்தங்களைக் கைவிட்டு, விமானிகளின் ஊதியத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது. அவ்வாண்டிலேயே அமெரிக்கன் கம்பனி, ஏற்கெனவே இருப்போருக்கு ஒரு சம்பளம், புதிதாக வருவோருக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்னும் இரட்டைமுறையைக் கொண்டுவந்தது. இருக்கையிலிருந்தோர் தம் ஊதியத்தைக் காத்துக்கொண்டனர். இன்னும் வாராதோரின் ஊதியம் விலையாகக் கொடுக்கப்பட்டது. வாராதோருக்குச் சங்கத்தில் வாக்கு இல்லையன்றோ!

இதனினும் ஆழமான மாற்றம் ஓசையின்றி நடந்தது. சிற்றூர்களுக்குச் செல்லும் குறுந்தூரச் சேவைகளைப் பெரிய கம்பனிகள் பிராந்தியக் கம்பனிகளிடம் குத்தகைக்கு விட்டன. விமானத்தின்மேல் எழுதப்பட்ட பெயரும், பயணச் சீட்டில் அச்சிட்ட பெயரும் பெரிய கம்பனியுடையவை. ஓட்டுபவனுக்குச் சம்பளம் கொடுப்பதோ வேறொரு கம்பனி. 1990 களில் ஐம்பது ஆசனங் கொண்ட சிறு ஜெட் விமானங்கள் வந்தபின் இம்முறை வேகமாகப் பரவியது. 2000 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் உள்நாட்டில் புறப்பட்ட விமானங்களில் ஏறக்குறையப் பாதி இத்தகையவை. பிராந்தியக் கம்பனிக்குப் பறப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கப்பட்டது. எரிபொருட் செலவைப் பெரும்பாலும் பெரிய கம்பனியே ஏற்றது. எனவே குத்தகையை வெல்ல விரும்பியவர்கள் குறைக்கக்கூடியதாக எஞ்சிய பெருஞ்செலவு ஆட்களின் சம்பளமே. பணியாளரின் சேவை மூப்பு ஏற ஏற ஒரு கம்பனியின் செலவு ஏறும். செலவு ஏறினால் குத்தகை இளைய கம்பனி ஒன்றுக்குப் போய்விடும். 2001 ஆம் ஆண்டில் கொமேர் கம்பனியின் விமானிகள் 89 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்து சம்பள உயர்வு பெற்றனர். 2012 செப்டெம்பரில் அக்கம்பனியே மூடப்பட்டது.

2001 செப்டெம்பர் 11 ஆந் திகதித் தாக்குதலின் பின் பெரிய கம்பனிகளும் தள்ளாடின. யூ. எஸ். எயர்வேஸ், யுனைட்டெட், டெல்ற்றா, நோர்த்வெஸ்ட் ஆகியன 2002 முதல் 2005 வரையில் வங்குரோத்து நீதிமன்றத்தை அடைந்தன. ஊதியம் வெட்டப்பட்டது, சிலவற்றில் விமானிகளின் ஓய்வூதியத் திட்டமே கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 15 ஆந் திகதி, இயந்திரம் பழுதான விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரின் உயிரைக் காத்த கப்டன் சலன்பேர்கர், அடுத்த மாதம் காங்கிரஸ் குழுவின்முன் சாட்சியளித்தார். தம் ஊதியம் நூற்றுக்கு நாற்பது வீதம் குறைந்துவிட்டதென்றும், தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டுமென விரும்பும் விமானி ஒருவரைத் தானும் தாம் அறியாரென்றும் அவர் கூறினார்.

அச்சாட்சியத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் முன்னர், பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, பஃபலோ நகருக்கு அருகே கொன்டினென்டலின் பெயரைத் தாங்கிய பிராந்திய விமானம் ஒன்று வீட்டின்மேல் வீழ்ந்து ஐம்பது பேர் மாண்டனர். விமானத்தை இயக்கியது கொல்கன் என்னும் கம்பனி. வேகம் குறைந்தமைக்கான எச்சரிக்கை எழுந்தபோது கப்டன் தவறாகச் செயற்பட்டதே காரணம் என்று விசாரணையாளர் முடிவுசெய்தனர். களைப்பும் அவர்களின் திறமையைக் குறைத்திருக்கக்கூடும் என்றனர். துணை விமானி முதல் நாளிரவு நாட்டின் மேற்குக் கரையிலிருந்து பயணஞ் செய்து வந்து, தளத்தின் ஊழியர் அறையில் இளைப்பாறியவர். அவருடைய ஆண்டுச் சம்பளம் 25,000 டொலருக்கும் குறைவானது என்ற செய்தி நாட்டைத் திடுக்கிடச் செய்தது. விபத்துக்குச் சம்பளமே காரணம் என்று எவரும் தீர்ப்பளிக்கவில்லை. ஆயினும் மலிவான பயணச்சீட்டின் பின்னே இருந்த வாழ்க்கையை மக்கள் அன்றுதான் கண்டனர்.

மாண்டோரின் குடும்பத்தினர் சலியாது உழைத்தமையால் 2010 ஓகஸ்டில் புதிய சட்டம் பிறந்தது. முன்னர் 250 மணி நேரப் பறப்பு அனுபவத்துடன் துணை விமானியாகலாம். 2013 முதல், படைப் பயிற்சியும் பட்டப் படிப்பும் பெற்றோருக்குச் சில சலுகைகள் நீங்கலாக, 1,500 மணி நேரம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இப்போது இளைஞன் ஒருவனின் கணக்கைப் பாருங்கள். பயிற்சிச் செலவு ஓரிலட்சம் டொலரை அணுகும். அதன்பின் 1,500 மணியை நிரப்ப ஓரிரு ஆண்டுகள் செல்லும். முடிவில் கிடைப்பதோ, 2014 ஆம் ஆண்டளவிற்கூட, ஆண்டுக்கு ஏறக்குறைய 22,000 டொலர். பலர் வேறு தொழிலை நாடினர். விதியே வாயிலை அடைத்தது என்றனர் பிராந்தியக் கம்பனியார். சம்பளமே ஆட்களை விரட்டியது என்றது விமானிகள் சங்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் உயர்ந்த தகுதியைக் கேட்பவன் அதற்குரிய விலையையுங் கொடுத்தல் வேண்டும். விதைநெல்லைச் சோறாக்கி உண்டவன் அடுத்த போகத்தில் வயலைக் குறைகூறுதல் முறையாகாது.

விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2016 இல் ரிப்பப்ளிக் என்னும் பிராந்தியக் கம்பனி, விமானிகள் போதாமையைக் காட்டி வங்குரோத்தை அறிவித்தது. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய கம்பனிகள் மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுபெறச் செய்தன. பயணிகள் திரும்பியபோது அவ்விடங்களை நிரப்பப் பிராந்தியக் கம்பனிகளின் விமானிகளை ஈர்த்தன. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் கம்பனி, விமானிகள் இன்மையால் 29 சிற்றூர்களின் சேவையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. மலிவான சேவை எவருக்காக ஏற்பட்டதோ, அவர்களே முதலில் அதனை இழக்கும் நிலை வந்தது.

அவ்வாண்டு யூன் மாதத்தில் அமெரிக்கன் கம்பனியின் துணைக் கம்பனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் கொடுப்பதாக அறிவித்தன. பிறரும் அவ்வழியே சென்றனர். இரண்டாண்டுகளுக்குள் துணை விமானி இடத்துக்கு ஆட்கள் திரண்டனர். ஆனால் கப்டன் இடத்துக்குப் போதிய ஆட்கள் இல்லை. துணை விமானியாக 1,000 மணி நேரம் பறந்தவனே கப்டனாகலாம் என்பது விதி. பணம் வாயிலை ஓராண்டில் நிரப்பிற்று. அனுபவத்தை ஓராண்டில் உண்டாக்க அதனால் இயலவில்லை. அதற்குள் 2024 இல் பெரிய கம்பனிகள் சில ஆட்சேர்ப்பை நிறுத்தி வைத்தன. வாயில் மறுபடியும் ஒடுங்கியது.

1934 ஆம் ஆண்டின் தீர்ப்பு, புதிய இயந்திரத்தின் பயனை அதனை ஓட்டுபவனோடு பங்கிட்டது. பிற்காலத்தார் அவ்வாறு பங்கிடாது, இன்னும் வாராத தலைமுறையின் பங்கைக் குறைத்துத் தம் கணக்கைச் சரிசெய்தனர். அக்கணக்கு மீண்டும் வந்துசேர முப்பதாண்டுகளுக்கு மேல் சென்றது. ஆசிரியத் தொழிலாயினும் மருத்துவத் தொழிலாயினும், நீண்ட பயிற்சியை வேண்டும் எத்தொழிலுக்கும் இது பொருந்தும். தொடக்கநிலை ஊதியத்தைத் தீர்மானிக்கும் மேசையில் இருப்போர், பதினைந்து ஆண்டுகளின் பின் பொறுப்பான இடத்தில் எவர் இருப்பார் என்பதையும் அப்போதே தீர்மானிக்கின்றனர்.