முடிவுரை கேட்ட வாசகர்: ‘பொன்னியின் செல்வ’னும் சரித்திரக் காதல் நவீனத்தின் சுவையும்

1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 மே மாதம் முடிந்தது. கதை சட்டென்று நின்றுவிட்டதாக நேயர்கள் மனக்குறைப்பட, நாவலாசிரியர் கல்கி ஒரு முடிவுரை எழுதிச் சேர்த்தார். முற்றிலும் கற்பனையான கதையை நாயகன், நாயகி திருமணத்தோடு முடித்துவிடலாம், சரித்திரக் கதையை அப்படி முடிக்க இயலாது என்பது அவர் சொன்ன சமாதானத்தின் சாரம். அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பாத்திரங்கள் ஒவ்வொருவரும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொன்னார். இந்தச் சில பக்கங்களை நாவலின் பின்னொட்டாகக் கருதி நகர்ந்துவிடும் வழக்கம் நீடிக்கிறது. ஆனால் சரித்திரக் காதல் நவீனத்தில் தமிழ் வாசகர் எதை விரும்பினார், எதை வெறுத்தார் என்று அறிய இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

முடிவுரையை இதுவரை இரு விதமாகப் படித்திருக்கிறார்கள். களைத்துப்போன தொடர்கதை ஆசிரியர் அவிழ்க்காமல் விட்ட முடிச்சுகளுக்கு எழுதிய விளக்கக் கடிதம் என்பது ஒரு வாசிப்பு. 1954 டிசம்பர் 5ஆம் தேதி கல்கி மறைந்ததை இதற்குத் துணையாகக் காட்டுவார்கள். சோழர் பெருமையில் திளைத்த வாசகர்கள் ராஜராஜனின் ஆட்சிக்காலத்தையும் படிக்க ஏங்கினார்கள், அந்த ஏக்கத்தின் பதிவே முடிவுரை என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பின்னால் ஒரு பொதுக் கொள்கை இருக்கிறது. சரித்திரமே மருந்து, காதல் அதைக் குழைத்துத் தரும் தேன் என்பது அக்கொள்கை. வாசகர் தேனுக்காக வந்து மருந்தையும் விழுங்கிவிட்டுப் போகிறார் என்று அது சொல்கிறது.

முதல் வாசிப்பை நெடுநேரம் மறுக்க வேண்டியதில்லை. நாவலின் ஐந்து பாகங்களில் அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. ஆக, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடைசிப் பாகத்தில் இருக்கிறது. அவசரமாகக் கடையைக் கட்டும் எழுத்தாளரின் கணக்கு இப்படி இருக்காது. ஏழு மாதம் கழித்து வந்த மரணத்தின் நிழலை முன்னால் இழுத்து முடிவுரைமேல் போடுவது ஆய்வு முறையாகாது.

இரண்டாம் வாசிப்புக்குத்தான் விரிவான மறுப்பு தேவை. அது பாதி உண்மை.

கதை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கலாம். ராஜராஜன் அரியணை ஏறியது 985இல். தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு பெற்றது 1010இல். நாவல் இவ்விரண்டையும் எட்டுவதில்லை. அதன் உச்சம், பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழிவர்மன் தன் கைக்கு வந்த மகுடத்தை இன்னொருவர் தலையில் சூட்டுவது. கடைசி அத்தியாயமோ அந்தப் பட்டாபிஷேகம்கூட அல்ல. ‘மலர் உதிர்ந்தது!’ என்ற தலைப்பில், கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலை தான் ஒருதலையாக நேசித்த கதாநாயகன் வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுகிறாள். ஐந்து பாகம் ஓடிய அரசியல் சதி, கடற்பயணம், வாரிசுச் சண்டை எல்லாம் ஓய்ந்தபின் கல்கி கடைசிச் சொல்லைக் கொடுத்தது ஒரு சிற்றரசன் மகளின் நிறைவேறாத காதலுக்கு. குலப்பெருமை தேடி வந்த வாசகருக்கு உண்மையில் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது: பெரிய கோயில் இல்லை, கடல் கடந்த வெற்றி இல்லை. ஆனால் முடிவுரை பதில் சொல்ல முனையும் கேள்விகளில் மேலோங்கி நிற்பவை மனிதர்களைப் பற்றியவை. குந்தவை வந்தியத்தேவனை மணந்தாளா? வானதி என்ன ஆனாள்? நந்தினி என்ன ஆனாள்?

இவற்றுள் முதல் கேள்வியில்தான் இக்கட்டுரையின் வாதம் நிற்கிறது. வல்லவரையன் வந்தியத்தேவன் கல்கி படைத்த கற்பனை மனிதன் அல்லன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவனை அறியும். எப்படி அறியும் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கோயிலுக்கு அளித்த திருமேனிகளையும் அணிகலன்களையும் கலங்களையும் பட்டியலிடும்போது, கொடுத்தவரை ராஜராஜனின் திருத்தமக்கையார் என்று சொல்லி, அடுத்து வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் என்றும் குறித்து, ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் என்று பெயரிடுகிறது. தமக்கை என்ற உறவு முதலில், மனைவி என்ற உறவு அடுத்து, பெயர் கடைசியில். அதே கோயிலில் தம் தந்தைக்கும் தாய்க்கும் குந்தவை திருமேனி எடுப்பித்தார். ராஜராஜன் தன் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்னபோது ‘அக்கன்’ கொடுத்தவற்றையும் சேர்த்தே வெட்டச் சொன்னான். அந்த அக்கனின் கணவன் என்ற வகையில்தான் வந்தியத்தேவன் பெயர் வரலாற்றில் உறுதியாக நிற்கிறது. அவன் குதிரையேறி வீரநாராயண ஏரிக்கரை வழியே வந்ததற்கோ, பழுவேட்டரையர் மாளிகையின் நிலவறையில் புகுந்ததற்கோ, ஈழத்துக்குப் படகேறியதற்கோ கல்வெட்டு இல்லை. அவன் குந்தவையின் கணவன் என்பதற்கு இருக்கிறது.

ஆக, நாயகனைப் பற்றிச் சரித்திரம் ஐயமின்றிச் சொல்லும் செய்தியைத்தான் 293 அத்தியாயங்களிலும் நிறைவேறியதாகக் காட்டாமல் வைத்திருக்கிறது நாவல். அவன் செய்ததாக நாவல் விவரிப்பவை பெரும்பாலும் கற்பனை. இந்தத் தலைகீழ் அமைப்பு தற்செயலாக வந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அடிக்குறிப்பில் கல்வெட்டையும் செப்பேட்டையும் காட்டிக்கொண்டே எழுதியவர் கல்கி. இதைக் கவனிக்காமல் செய்தார் என்று நம்புவது கடினம்.

இங்கேதான் தேனும் மருந்தும் என்ற கொள்கை உடைகிறது. வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்த வாசகருக்கு, ‘இவர்கள் சேர்வார்களா’ என்ற தவிப்பைக் காதல் கொடுத்தது. ‘சேர்ந்தார்கள்’ என்ற விடையைச் சரித்திரம் தன்னிடம் வைத்திருந்தது. வாசகர் காதலின் வழியாகவே கல்வெட்டுக்கு வந்து சேர்கிறார். பல வீடுகளில் தொடரின் பக்கங்களை இதழிலிருந்து கிழித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடும், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சோப்பு, தைல விளம்பரங்களோடும் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட தொகுதியின் கடைசித் தாளைப் புரட்டும் ஒருவர் அங்கே தேடுவது சோழர் காலவரிசையை அல்ல. குந்தவைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்ற செய்தியைத்தான். அதற்குக் கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது என்று தெரியும்போது அவர் அடையும் மகிழ்ச்சி சமூக நாவல் எதுவும் தர முடியாத ஒன்று. சரித்திரக் காதல் நவீனத்துக்கே உரிய சுவை இது.

வானதி விஷயத்திலும் இதே நுட்பம். அருள்மொழிவர்மனை நேசிக்கும் அவள், சோழ சிங்காதனத்தில் அமரமாட்டேன் என்று நாவலில் சபதம் செய்கிறாள். ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் பட்டத்தரசியாகச் சிறப்பிடம் பெறுபவர் திருவையாற்றில் உலோகமாதேவீச்சரம் எடுப்பித்த உலோகமாதேவி. ராஜேந்திரனைப் பெற்றவர் வானவன் மாதேவி, வேறொரு அரசி. வாரிசைப் பெற்றவர் பட்டத்தரசி அல்லர் என்ற இந்தச் சிறு இடைவெளியில், வானதியை அந்தத் தாயாக வைத்து, அவள் சபதத்தைப் பொருத்திவிட்டார் கல்கி. கல்வெட்டில் விளக்கமில்லாத ஓர் உறவுமுறைக்கு மனித மனம் சார்ந்த காரணம் கிடைக்கிறது. படிப்பவர் அதை வரலாறாக ஏற்பதில்லை. வரலாற்றோடு முரண்படவில்லை என்ற நிறைவு அவருக்குப் போதும்.

முரண்பட்டால்? சரித்திரப் பிழையை வாசகர் பொறுக்கமாட்டார் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதற்கு எதிரான வலுவான சான்றும் இந்த நாவலிலேயே இருக்கிறது. வரலாற்றின்படி உத்தம சோழர் செம்பியன் மாதேவியின் மகன், அவரே மதுராந்தகர், சுமார் 970 முதல் 985 வரை ஆண்டவர். கல்கி இதை மாற்றி, கதை முழுக்க மதுராந்தகனாக உலவுபவன் செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை அல்லன், பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனே உண்மையான வாரிசு என்று முடித்தார். ஓர் அரசனின் பிறப்பையே மாற்றிய துணிச்சல் இது. இலக்கிய விமரிசகர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்லியிருக்கலாம். வாசகர்கள் இதை மனமார ஏற்றார்கள். காரணம் வெளிப்படை. இந்த மாற்றத்தால் ஓடக்காரப் பெண் பூங்குழலி அரசியாகிறாள், அவளை ஆர்ப்பாட்டமில்லாமல் நேசித்தவன் அரசனாகிறான். காதலுக்கு நியாயம் செய்யும் பிழையை வாசகர் மன்னிப்பதற்கும் மேலே போய்க் கொண்டாடுகிறார்.

அண்மைக்காலத் திரைப்படம் இதற்கு எதிர்ப்பக்கச் சோதனையாக அமைந்துவிட்டது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த மணிரத்னத்தின் படம் ஆள்மாறாட்டத்தைக் கைவிட்டு மதுராந்தகனுக்கே முடிசூட்டியது. இந்த ஒரு விஷயத்தில் படம் நாவலைவிடக் கல்வெட்டுக்கு நெருக்கமானது. மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலைப் படித்தவர்கள் பேச்சில் அப்போது அடிபட்டது எது? வரலாற்றுக்குக் கிட்டே வந்துவிட்டது என்ற பாராட்டைவிட, சேந்தன் அமுதனுக்கு முடி இல்லையே, மணிமேகலை எங்கே என்ற ஆதங்கம்தான்.

வாசகர் வெறுத்தது சோகத்தையும் அல்ல. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. அதில் சிவகாமி நேசித்த மாமல்லனுக்குப் பாண்டிய இளவரசியோடு திருமணம் ஆகிவிடுகிறது. சிவகாமி ஏகாம்பரநாதரையே நாயகனாக ஏற்கிறாள். தமிழ்த் தொடர்கதையில் இதைவிடக் கனத்த முடிவு அபூர்வம். ஆனாலும் அது முடிவு. சிவகாமி எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பது வாசகருக்குத் தெரியும். சாண்டில்யனின் ‘யவன ராணி’யிலும் இரு பெண்களுக்கு நடுவே நிற்கும் நாயகனின் தவிப்பைக் கதை இழுத்தடித்தாலும் கடைசியில் ஒரு தீர்ப்பு உண்டு. (சாண்டில்யனின் அங்க வர்ணனைகளைத்தான் வாசகர்கள் வெறுத்தார்கள் என்ற கூற்று பெரும்பாலும் விமரிசகர்களின் முகச்சுளிப்பை வாசகர்மேல் ஏற்றுவது. ‘குமுதம்’ அவரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வெளியிட்டதே இதற்குப் போதுமான பதில்.) அழவைக்கும் முடிவை வாசகர் தாங்கிக்கொள்கிறார். சொல்லாமல் விட்ட முடிவை அவரால் தாங்க முடிவதில்லை.

இதற்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. அருள்மொழிவர்மனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதையும் நாவல் மூடுமந்திரமாகவே விடுகிறது. கொலைகாரர்களைத் துரோகிகள் எனப் பெயர் சொல்லிக் குறிக்கும் உடையார்குடிக் கல்வெட்டு இருந்தும் கல்கி கதைக்குள் அந்தப் புதிரைக் கலைக்கவில்லை. நந்தினியா, ரவிதாசனா, கரிகாலன் தன்னையே மாய்த்துக்கொண்டானா, பெரிய பழுவேட்டரையரின் கைக்கத்தியா என்று வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் அவர்களுக்குக் குதூகலம்தான். கொலை தீராமல் கிடந்தால் விளையாட்டு, காதல் தீராமல் கிடந்தால் மனக்குறை. ஒரே நூலில், ஒரே ஆசிரியர் விட்ட இருவகை இடைவெளிகளை வாசகர் இப்படி வேறுபடுத்திப் பார்த்திருக்கிறார். கொலைக்கு உரியவர் இறந்துவிட்டார், காதலுக்கு உரியவர்கள் வாழ வேண்டியவர்கள் என்பது அடிப்படையாக இருக்கலாம்.

நேயர்களின் கேள்விகள் நமக்குக் கல்கியின் வாய்வழியேதான் வருகின்றன என்ற ஆட்சேபத்தைப் பொருட்படுத்தியாக வேண்டும். எழுத்தாளரும் பத்திரிகை ஆசிரியரும் ஒருவரே. தமக்கு வசதியான கேள்விகளை அவர் பொறுக்கியிருக்கக்கூடும். ஆனால் வசதி பார்ப்பவர் தம் முடிவைக் குறை சொல்லும் கேள்விகளுக்கா இடம் கொடுப்பார்? சோழர் பெருமை பற்றிய பாராட்டுக் கடிதங்களை அச்சிடுவது அவருக்கு எளிது. அதை விட்டு, பதில் சொல்லாமல் தப்ப முடியாது என்று அவர் உணர்ந்தவற்றையே எடுத்துக்கொண்டிருக்கிறார். வசதிக்காகப் பொறுக்கியதாக இதைப் பார்ப்பதைவிட நிர்ப்பந்தமாகப் பார்ப்பதே பொருத்தம்.

பிற்கால நாவல்களைக் கொண்டு மறுப்பதும் எளிதல்ல. முடிவுரையிலேயே கல்கி பிற எழுத்தாளர்களுக்கு வழி விட்டிருந்தார். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ ராஜேந்திரன் காலத்துக் கதையானாலும் முதிய வந்தியத்தேவரை மறக்காமல் கொண்டுவந்தது, 1963இல் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றது. சோழப் பேரரசின் விரிவை எழுத வந்தவர்களும் ஏரிக்கரைக் குதிரைவீரனின் பிற்கால வாழ்க்கைக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

‘பொன்னியின் செல்வ’னை இனி அச்சிடும் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவுரையைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒதுக்காமல், 1950 முதல் 1954 வரையிலான ‘கல்கி’ இதழ்களின் நேயர் கடிதப் பக்கங்களிலிருந்து தொடர் பற்றிய கடிதங்களையும் திரட்டி, அதனோடு சேர்த்து வெளியிடுங்கள். அந்தக் கடிதங்கள் மேலே சொன்ன வாதத்தைத் திருத்தினாலும் வரவேற்கத் தக்கவையே.