திருட்டு ஃபார்முலாவும் வீங்கிப்போன கெப்பாசிட்டரும்

பாட்டு கேட்கறதுக்குன்னே வீட்டில் தனியா ஒரு கம்ப்யூட்டர் கட்டுற ஆசாமிகளுக்கு ரெண்டு எதிரிகள். ஒண்ணு ஃபேன் சத்தம். இன்னொண்ணு பவர் சப்ளை. இன்றைய ஆடியோ பைத்தியங்கள் (நானும் அந்த வார்டுதான்) ஸ்விட்சிங் பவர் சப்ளைன்னாலே முகம் சுளிப்பாங்க. இரைச்சலாம், கரகரப்பாம். பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச லீனியர் சப்ளைதான் வேணும்னு அடம் பிடிப்பாங்க. ஆனா ஸ்விட்சிங் சப்ளை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள வந்ததுக்கு ஒரு முக்கியக் காரணமே அமைதிதான். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

1977ல் வந்த ஆப்பிள் II. அதில் ஃபேன் இருக்கக்கூடாதுன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் ஒத்தைக் காலில் நின்றார். லீனியர் சப்ளையில் தேவைக்கு மேலான வோல்டேஜ் எல்லாம் வெறும் சூடாகத்தான் போகும். ஃபேன் இல்லாமல் அந்தச் சூட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்க முடியாது. அடாரியிலிருந்து வந்த ராட் ஹோல்ட் என்கிற எஞ்சினியர் இதற்குத் தீர்வாக ஒரு ஸ்விட்சிங் சப்ளை செய்து கொடுத்தார். கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும் சங்கதி. சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் போதும், சூடும் குறைவு. 1978 டிசம்பரில் பேட்டன்ட்டும் கிடைத்தது.

2011ல் வால்டர் ஐசக்சன் எழுதின ஜாப்ஸ் வாழ்க்கை வரலாற்றில், இன்றைக்கு எல்லா கம்ப்யூட்டரும் ஹோல்ட்டுடைய டிசைனைத்தான் காப்பியடிக்குதுன்னு ஜாப்ஸ் சொன்னதாக வருகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1960களிலேயே விண்கலங்களிலும் ராணுவ சாதனங்களிலும் ஸ்விட்சிங் சப்ளை உண்டு. எழுபதுகளில் அதிக வோல்டேஜ் தாங்கும், வேகமான ட்ரான்சிஸ்டர்கள் மலிவானதும் ஊரே அந்தப் பக்கம் திரும்பியது. நம்மைப் போல ஒரு பதிவர், கென் ஷிரிஃப், 2012ல் பழைய சப்ளைகளை எல்லாம் தோண்டி எடுத்து இதை விலாவாரியாக எழுதினார். பின்னால் வந்த பிசி சப்ளைகளின் சுற்றமைப்பே ஆப்பிளிலிருந்து வேறு. ஹோல்ட் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஊர் முழுக்க அவரிடம் திருடியது என்பதுதான் ஓவர்.

பவர் சப்ளை வரலாற்றில் இது முதல் திருட்டுக் கதை. ரெண்டாவது இதைவிட சுவாரசியம், இதைவிட சேதாரமும் அதிகம்.

2000ஐ ஒட்டி பிராசசர்கள் கரண்டைக் குடிக்க ஆரம்பித்தன. ஆரம்பகால பென்டியம் 4க்கு வேண்டியது 1.75 வோல்ட்தான், ஆனா 30 ஆம்பியருக்கு மேல் கேட்கும். இதற்கு மதர்போர்டில் வரிசையாக எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் வேண்டும், அதுவும் உள்தடை குறைவானவை. உள்ளே ரெண்டு அலுமினியத் தகடு, நடுவில் காகிதம், அதில் ஊறின ஒரு திரவம், அவ்வளவுதான் அந்த டப்பா. திரவத்தில் தண்ணீரைக் கூட்டினால் உள்தடை குறையும், விலையும் குறையும். ஆனா தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதைத் தடுக்கச் சரியான கலவையில் ரசாயனம் சேர்க்கணும். ஜப்பான் கம்பெனிகள் அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தன.

2002வாக்கில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, பழுப்புக் கசிவோடு சாக ஆரம்பித்தன. அப்போ வந்ததுதான் அந்தக் கதை. ஜப்பானின் ரூபிகான் கம்பெனியில் இருந்த ஒரு விஞ்ஞானி சீனாவில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாராம். அங்கே அவருடைய சகாக்கள் ஃபார்முலாவைச் சுட்டுக்கொண்டு தைவானுக்கு ஓடிட்டாங்களாம். சுட்டதில் பாதிதான் இருந்ததாம், கடைசி ரசாயனம் விட்டுப்போச்சாம். 2002 கடைசியில் தொழில் பத்திரிகைகளில் வந்து, 2003 பிப்ரவரியில் ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் வரைக்கும் ஏறிவிட்டது. எம்ஜிஆர் படத்துக்குக் குறைவில்லாத திரைக்கதை :-)

தைவான் கெப்பாசிட்டர்களில் சரக்கு சரியில்லை என்பது உண்மை. செத்த கெப்பாசிட்டரின் திரவத்தை மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிரித்துப் பார்த்து, இருக்க வேண்டிய ரசாயனம் இல்லைன்னு 2004ல் எழுதினார்கள். ஆனா திருட்டு? இன்றுவரை கோர்ட்டில் யார் மேலும் நிரூபணம் ஆகவில்லை.

கதை இடிக்கிற இடம் டெல். 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவற்றில் இருந்தவை நிச்சிகான் தயாரிப்பு. நிச்சிகான் அசல் ஜப்பான் கம்பெனி, யாரிடமும் எதையும் சுட வேண்டிய அவசியம் இல்லாத பெரிய கை. "தைவான் திருடன், ஜப்பான் உத்தமன்" என்கிற கணக்கு இங்கே உதைக்குது பாருங்க. 2005ல் டெல் இதற்காக 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. ஒரு வழக்கில் வெளிவந்த ஆவணங்களை வைத்து 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் எழுதினது இன்னும் கொடுமை. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத்துறையில் கம்ப்யூட்டர்கள் செத்தபோது, கஷ்டமான கணக்குகளைப் போட்டு மெஷினைக் களைப்பாக்கிட்டீங்கன்னு பதில் வந்ததாம். கணக்கு போட வாங்கின பெட்டிக்கு கணக்கு போட்டால் களைப்பு!

எனக்கு இதில் உறுத்துவது ஒண்ணுதான். திருடன் கதை எல்லாருக்கும் வசதியாக இருந்தது. விலையைக் குறைச்சுக் குறைச்சு வாங்கினவங்களைப் பற்றியோ, சோதிக்காமல் மாட்டினவங்களைப் பற்றியோ யாரும் அவ்வளவாகப் பேசவேயில்லை.

இதில் மாட்டின அப்பாவிகள்தான் நம்ம ம்யூசிக் பிசி கோஷ்டி. சத்தம் வரக்கூடாதுன்னு 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் ஓட்டுவாங்க. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. 105 டிகிரியில் 2000 மணி நேரம்னு போட்டிருக்கும் நல்ல சரக்கே, 65 டிகிரியில் 32,000 மணி, அதாவது மூணரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். 75 டிகிரியில் அது ரெண்டு வருஷம்கூட இல்லை. மே மாசச் சென்னையில், மூடின அலமாரிக்குள், மெல்லச் சுத்தும் ஃபேனோடு, அதுவும் மட்டமான சரக்கு... சொல்லணுமா?

என்கிட்ட இருக்கும் பெட்டியும் அந்தக் காலத்து ஆள்தான், 2004ல் கட்டினது. உள்ளே ஒரு பழைய பிசிஐ சவுண்ட் கார்டு இருக்கு, அதுக்காகவே வச்சிருக்கேன். காலையில் பட்டனை அமுக்கினால் கிளம்பாது. நாலைந்து தரம் அமுக்கி, கொஞ்சம் சூடு ஏறினால் கிளம்பும். கிளம்பினாலும் அரை மணியில் பாட்டு நடுவில் அப்படியே உறைஞ்சு நிற்கும். மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.9, சிவப்பு 5.02. ரெண்டுமே 5 சதவீத வரம்புக்குள். ஆனா டிசி மீட்டர் காட்டுவது சராசரியைத்தான், மேலே ஆடும் அலையைக் காட்டாது.

வேறொரு நல்ல பவர் சப்ளையை மாட்டினேன். உடனே கிளம்பியது. ஆனா உறைவது நிற்கலை. ஆக, நோய் ரெண்டு. முதல் நோய் பழைய சப்ளையில் பர்ப்பிள் வயருக்குப் பின்னால் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர். கம்ப்யூட்டரை அணைத்தாலும் அந்த லைன் மட்டும் உயிரோடு இருக்கும், அதனால் பல பெட்டிகளில் முதலில் சாவது அதுதான். ஆறினபோது உள்தடை ஏறிவிடும், அதான் காலைச் சோம்பல். ரெண்டாவது நோய் பிராசசர் பக்கத்தில். ஆறு கெப்பாசிட்டர், அதில் நாலுக்குத் தலை வீக்கம். டார்ச் அடிச்சுப் பார்த்தாலே தெரிஞ்சது. மேல் மூடியில் கத்திக்கீறல் போல இருக்கும் கோடு தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால், மீட்டரே வேண்டாம்.

ஆறையும் மாத்தினேன். 6.3 வோல்ட், 3300 மைக்ரோஃபாரட், லோ ஈஎஸ்ஆர். சாதா சரக்கை இங்கே போட்டால் பேரு மட்டும்தான் அதே, வேலை ஆகாது. பக்கவாட்டில் இருக்கும் பட்டை நெகடிவ் கால், திருப்பிப் போட்டால் தீபாவளிதான். பவர் சப்ளையைப் பிரிக்க நினைக்கிறவங்க கவனத்துக்கு: 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் 325 வோல்ட் பக்கம் வரும், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். பழக்கம் இல்லாட்டி தொடாதீங்க, தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க.

லீனியர் சப்ளை மாட்டினால் பாட்டு இன்னும் இனிக்குமான்னு கேட்டு நண்பர் ஒருத்தர் துளைச்சு எடுக்கிறார். அவர் பெட்டியும் 2003 மாடல்தான். முதல்ல மூடியைத் திறந்து கெப்பாசிட்டர் தலைகளைப் பாருங்க சார்னு சொல்லியிருக்கேன்.