கொண்டை ஊசியும் பிராமா பூட்டும்



தொலைக்காட்சித் தொடர்களில் அடிக்கடி ஒரு காட்சி வருகிறது. துப்பறியும் கதாநாயகி பூட்டிய கதவின் முன் நிற்கிறாள். கூந்தலிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவுகிறாள். அதைச் சாவித் துவாரத்தில் விட்டு இருமுறை அசைத்ததும் கதவு திறந்துகொள்கிறது. உண்மையில் இவ்வாறு நடக்குமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நான் வரலாறு கற்பித்தவன். ஆதலின் 1851-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நடந்த ஒரு சோதனையைக் கொண்டே விடை கூற முற்படுகிறேன்.

ஜோசப் பிராமா என்பவர் யார்க்ஷயரில் பிறந்து லண்டனுக்கு வந்த தச்சர். அவர் 1784-இல் புதுவகைப் பூட்டொன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அதன் சாவி சிறு குழாய் போன்றது. அதன் நுனியில் வெவ்வேறு ஆழங்களில் வெட்டுகள் இருக்கும். பூட்டினுள்ளே வில்லின் எதிர்ப்பில் நிற்கும் மெல்லிய தகடுகள் பல உண்டு. அவை ஒவ்வொன்றும் தனக்குரிய அளவு உள்ளே தள்ளப்பட்டாலன்றி உருளை சுழலாது. 1790-இல் பிராமா 18 தகடுகள் கொண்ட ஒரு பூட்டைத் தம் பிக்கடில்லிக் கடையின் பலகணியில் வைத்தார். சாவியின்றி அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி, அதாவது 210 பவுன், உடனே வழங்கப்படும் என்று அறிவிப்பும் எழுதி வைத்தார். அப்பூட்டை உருவாக்கிய இளைஞர் ஹென்றி மாட்ஸ்லி. பிற்காலத்தில் இயந்திரக் கருவிகளின் தந்தையருள் ஒருவர் எனப் புகழ் பெற்றவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பரிசு எவருக்கும் கிட்டவில்லை.

மற்றொரு பெயரும் அந்நாளில் புகழ் பெற்றிருந்தது. போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் 1817-இல் நடந்த கொள்ளைக்குப் பின், கள்ளச்சாவிக்கு இடங்கொடாத பூட்டு வேண்டுமென்று அரசினர் பரிசு அறிவித்தனர். 1818-இல் ஜெரமையா சப் அதைச் செய்து காட்டினார். லீவர் ஒன்றை வேண்டிய அளவுக்கு மேல் எவரேனும் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும். உரிமையாளர் தம் சாவியை இட்டதும் யாரோ கைவைத்திருப்பதை அறிந்துகொள்வார். நம் கடைகளில் பூட்டின்மேல் “7 லீவர்” என்று பொறித்திருக்கக் காண்கிறீர்கள் அல்லவா? அந்த லீவரின் இனமே இது. சிறைக் கப்பலில் இருந்த கைதி ஒருவர் பூட்டுத் தொழில் தெரிந்தவர். இதைத் திறந்தால் மன்னிப்பும் 100 பவுனும் உண்டு என்றனர். இரண்டு மூன்று மாதம் முயன்று அவர் கைவிட்டார்.

1851-இல் ஹைட் பூங்காவில் உலகப் பெரும் பொருட்காட்சி நடந்தது. அங்கே அமெரிக்கப் பூட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் வந்திருந்தார். ஜூலை 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு காப்பறைக் கதவின் சப் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடத்தில் திறந்தார். 7 நிமிடத்தில் மீண்டும் பூட்டியும் காட்டினார். அடுத்து பிராமாவின் பூட்டுக்குச் சென்றார். அவருக்கு 30 நாள் தவணை தரப்பட்டது. நடுவர்கள் பூட்டை இரு பலகைகளுக்கிடையே பொருத்தி முத்திரையிட்டனர். சாவித் துவாரம் ஒன்றே வெளியே தெரிந்தது. 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, ஆகஸ்டு 23-இல் அவர் திறந்துவிட்டார்.

அவர் கையாண்ட வழி யாது? எத்துணைத் திறமையாளர் செய்தாலும் எல்லாத் தகடுகளும் மயிரிழையும் பிசகாமல் ஒன்றுபோல் அமைவதில்லை. உருளையை இலேசாகத் திருப்பி அழுத்தம் கொடுத்தால் அவற்றுள் ஒன்று முதலில் இறுகும். அதைத் தள்ளித் தக்க இடம் சேர்த்தால் அது விடுபட்டு அடுத்தது இறுகும். இவ்வாறு ஒவ்வொன்றாக அளந்து முன்னேற வேண்டும். ஆகவே திருப்பும் அழுத்தம் ஒன்று, தள்ளும் கருவி ஒன்று என இரண்டும் ஒருங்கே தேவை. சப் பூட்டின் காவல் அமைப்போ ஹாப்ஸுக்கு நேர்மாறாகப் பயன்பட்டது. அது இறுகும்போதெல்லாம், ‘இந்த அளவு மிகுதி’ என்று அவருக்கே அறிவித்துவிட்டது!

பிராமா பூட்டுக்கு அவர் கொண்டுசென்றது கொண்டை ஊசி அன்று. பலகையோடு பொருத்திய கருவிகள் வில்லின் எதிர்ப்பைத் தாங்கி நின்றன. உருளை மீதான அழுத்தம் மணிக்கணக்கில் தளராமல் நீடித்தது. கள்வனுக்கு இவ்வளவு வசதி எங்கே கிடைக்கும் என்று பிராமா நிறுவனத்தார் முறையிட்டனர். எனக்கும் அம்முறையீட்டில் நியாயம் உண்டென்றே தோன்றுகிறது. எனினும் பரிசுத் தொகையை அவர்கள் கொடுத்துவிட்டனர்.

இப்போது ஊசிக்கு வருவோம். அசையாத தடைகள் மட்டுமே உள்ள மலிவான பழைய பூட்டுகளில், தடைகளைச் சுற்றிச் செல்லுமாறு வளைத்த கம்பியே போதும். அங்கே தொலைக்காட்சி சொல்வது மெய்யாகலாம். இன்று பரவலாக உள்ள, யேல் உருவாக்கிய முளைப்பூட்டுகளுக்கு ஒற்றை ஊசி பயன்படாது. திருப்பும் அழுத்தத்தைத் தர மற்றொன்று வேண்டும். இரண்டு ஊசிகளைத் தக்கவாறு வளைத்துக்கொண்டு, கைப்பழக்கமும் உள்ளவர் எளிய பூட்டைத் திறக்கக்கூடும். ஆனால் மெல்லிய கம்பி வளைந்துபோகும், நேரமும் பிடிக்கும். நொடிப்பொழுதில் திறப்பது கதையாசிரியரின் கைவண்ணமே.

ஹாப்ஸின் வெற்றியால் லண்டனில் பெரும் விவாதம் மூண்டது. பூட்டின் குறைகளை வெளியே சொல்லலாமா, அது திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று பலர் சினந்தனர். ஹாப்ஸின் குறிப்புகளைக் கொண்டு சார்லஸ் டாம்லின்சன் தொகுத்து 1853-இல் வெளிவந்த பூட்டுகள் பற்றிய நூல் இதற்கு நேராக விடை கூறியது: திருடர்கள் தம் தொழிலை முன்னமே நன்கறிவர், அறியாதிருப்பவர் பணம் கொடுத்துப் பூட்டு வாங்கும் நேர்மையாளரே. கணிப்பொறிப் பாதுகாப்புப் பற்றி இன்று வாதிடுவோரும் இக்கருத்தை எடுத்தாள்கின்றனர்.

ஹாப்ஸ் லண்டனிலேயே பூட்டுத் தொழில் தொடங்கினார். 1854-இல் சப் நிறுவனத் தொழிலாளர் ஒருவர் ஹாப்ஸின் பூட்டு ஒன்றைத் திறந்துவிட்டார். அவர் அமெரிக்காவிலிருந்து பெருமையுடன் கொணர்ந்த பூட்டையோ, அவருடைய நாட்டவரான இளைய லைனஸ் யேல் திறந்து காட்டினார். பிராமாவின் 18 தகட்டுப் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.