தாது வருடப் பஞ்சமும் வடசென்னையும்

தாது வருடப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளையும் வாட்டிய பெரும் பஞ்சம். தமிழ் ஆண்டான தாதுவில் (1876–77) தொடங்கியதால் மக்கள் அதை இப்பெயரால் நினைவில் வைத்தனர். பலியானோர் 56 லட்சம் முதல் 96 லட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. வடசென்னையின் இராயபுரம் வட்டாரத்தில் இதன் தடங்கள் இன்றும் உள்ளன.

காரணங்கள்

1876இல் பருவமழை பொய்த்தது. ஆனால் பசிக்கு மழை மட்டும் காரணமன்று. விலை ஏற ஏற, கூலி வாங்கிப் பிழைத்தவர்களால் தானியம் வாங்க முடியவில்லை. வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்பதில் வைசிராய் லிட்டன் உறுதியாக இருந்தார். கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. கடல்வழியே வந்த அரிசி மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் இறங்கின. 1856 முதல் இயங்கிவந்த இராயபுரம் நிலையம் வழியே ரயில் போக்குவரத்தும் இருந்தது. தானியம் இருந்தும் அதை வாங்கப் பணமில்லாதவர்கள் மாண்டனர்.

நிவாரணம்

பஞ்சம் பிழைக்க நகருக்கு வந்தவர்களுக்காக முகாம்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இராயபுரத்தை அடுத்த மணியக்காரர் சத்திரம். 1782இல் ஹைதர் அலி படையெடுப்பின்போது ஏற்பட்ட பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது.

1877இல், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என வகுத்தார். சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். பம்பாய்ப் பகுதியில் குறைந்த கூலியை ஏற்க மறுத்துத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினர்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. எண்ணூர்ப் பக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெட்டப்பட்டிருந்த கால்வாயுடன் அது சேர்ந்தது. முழு நீர்வழியும் அப்போதைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது.

சாவும் அடக்கமும்

பட்டினியால் நலிந்த உடல்களைக் காலராவும் வயிற்றுப்போக்கும் எளிதில் வீழ்த்தின. ஊரைவிட்டு வந்தவர்களில் பலர் கொள்ளி வைக்கவோ ஒரு பிடி மண் போடவோ உறவினர் இல்லாமலே போய்ச் சேர்ந்தனர். அரசு அறிக்கைகள் அவர்களை எண்ணிக்கையாகவே வைத்திருக்கின்றன.

நினைவு

இத்தகைய சாவுகளை நினைவுகூர்வதில் அயர்லாந்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தனர். அந்நாட்டின் ஸ்கிபரீன் ஊருக்கு அருகே ஆயிரக்கணக்கானோர் புதைக்கப்பட்ட பொதுக்குழிகள் இன்று நினைவிடமாகப் பேணப்படுகின்றன. சென்னையிலோ மாண்டவர்களின் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. ஆனால் மணியக்காரர் சத்திரத்தின் மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை முதியோர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்து வந்தனர். மண்வெட்டி பிடித்த பசித்தவர்களின் உழைப்பு கால்வாயாகக் கிடக்கிறது. மருத்துவமனை வாயிலிலும் கால்வாய்க் கரையிலும் அவர்களின் வரலாறு எழுதிவைக்கப்பட வேண்டும். நகரம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது.