மழைக்காட்டு ஆற்றுவழியில் மூன்று கற்கள்

புக்கிட் மேரா வட்டாரத்தில், டிப்போ சாலையில், ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் அமைந்துள்ளது. அலெக்ஸாண்ட்ரா செங்கல் தொழிற்சாலையில் வேலை செய்தோர் வழிபட்ட சிறு கோயிலே பின்னர் இடம்பெயர்ந்து இன்றைய ஆலயமாக வளர்ந்தது. தொழிற்சாலை மறைந்துவிட்டது, தொழிலாளர் எழுப்பிய கோயில் நிலைத்திருக்கிறது. பிழைப்புக்காகச் சென்ற இடத்தில் தம் அடையாளம் ஒன்றை நிறுவிச் செல்வது தமிழரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அவ்வழக்கின் மிகப் பழைய சான்றுகள் சிலவற்றைக் காண நாம் வடக்கே, இன்றைய தாய்லாந்தின் தென்பகுதிக்குச் செல்ல வேண்டும்.

மலாய்த் தீபகற்பம் வடக்கே செல்லச் செல்ல ஒடுங்கி, ஓரிடத்தில் குறுகிய நிலப்பாலமாகிறது. அதன் மேற்கே அந்தமான் கடல். கிழக்கே சயாம் வளைகுடா. நடுவே மழைக்காடு போர்த்த மலைத்தொடர். பாய்மரக் காலத்தில் மலாக்கா நீரிணையைச் சுற்றிக் கிழக்கே செல்ல விரும்பியோர் பருவக்காற்று மாறும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதனால் வணிகருள் சிலர் மேற்குக் கரையில் கலத்தை நிறுத்தி, ஆற்றின்வழி மேலேறி, மலையைக் கால்நடையாகக் கடந்து, மறுபுறம் இறங்கும் ஆற்றில் மீண்டும் படகேறினர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பளுவான சரக்கை அடர்காட்டின் வழியே சுமப்பது எளிதன்று. எனவே பொன், மணி, நறுமணப் பொருள் போன்று எடை குறைந்து விலை மிகுந்தவையே இவ்வழிக்கு ஏற்றவையாக இருந்திருக்கும். ஆற்றுமுகங்களில் இருந்த ஊர்கள் இத்தகைய வணிகத்தால் செழித்தன.

அவற்றுள் ஒன்று கிராபி மாநிலத்தைச் சேர்ந்த குளோங் தோம். அங்குள்ள ஒரு மேட்டை மக்கள் 'குவான் லுக்பட்' என்பர். மணிமேடு என்பது அதன் பொருள். மழை பெய்து மண் கரையும்போதெல்லாம் பழங்காலக் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் வெளிப்பட்டமையால் ஏற்பட்ட பெயர் அது. அவ்விடத்தில் கிடைத்த பொருள்களுள் சிறிய உரைகல் ஒன்றும் உண்டு. பொன்னின் மாற்றுக் காணப் பொற்கொல்லர் உரைத்துப் பார்க்கும் கல் அது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் 'பெரும்பத்தன் கல்' என்று அறிஞர் படித்துள்ளனர். பத்தன் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் பழஞ்சொல்.

இதனைப் பொறித்தவர் தம் புகழ் பாடவில்லை. வந்த வரலாற்றையும் சொல்லவில்லை. பட்டறையில் பிறர் கல்லோடு தம் கல் கலந்துவிடாதிருக்கப் பெயர் எழுதி வைத்தார். அவ்வளவே. ஆயினும் தொலைநாட்டு ஆற்றங்கரையில் தமிழ் அன்றாடத் தொழில்மொழியாக வழங்கியதற்கு இதனினும் நம்பத்தக்க சான்று வேறு வேண்டுவதில்லை.

இரண்டாவது கல் மேலும் வடக்கே தக்குவாபாவில் கிடைத்தது. அங்கே ஆற்றின்வழி உள்நாட்டுக்குள் சென்றால் பிரா நாராய் என்னும் குன்றை அடையலாம். அப்பகுதியில் திருமால் சிற்பமும் அதனோடு சேர்ந்த உருவங்களும் மரமொன்றின் அடியில் காணப்பட்டன. மரம் வளர்ந்து பருத்துச் சிற்பங்களைத் தன் உடலுக்குள் அணைத்துக்கொண்டிருந்தது. இவ்வட்டாரத்துக் கல்வெட்டு, நங்கூர் உடையான் ஒருவர் தோண்டிய குளத்தைப் பற்றிக் கூறுகிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் அடைக்கலம். அவனிநாரணன் என்பது 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர். மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. ஏறத்தாழ அதே காலத்தில், 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு வழியாகக் கேரளத்துக் கொல்லத்திலும் அக்குழுவை நாம் சந்திக்கிறோம்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. வழிப்போக்கர் கிணற்று நீரை அருந்திவிட்டுப் போவார். குளம் வெட்டுவோர் தங்கி வாழ எண்ணியவர். வெட்டியதோடு நில்லாமல், அதனைக் காக்கும் பொறுப்பை ஒரு சமூகத்திடம் ஒப்படைத்து, அச்செய்தியைத் தமிழில் எழுதியும் வைத்தனர். கடல்கடந்த தமிழர் வரலாறு என்றதும் 1025ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திரன் மேற்கொண்ட கடாரப் படையெடுப்பையே நாம் முதலில் நினைக்கிறோம். அப்படை புறப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தக்குவாபாவில் தமிழ்க் குளம் இருந்தது. ஏழு நூற்றாண்டுக்கு முன்பே குளோங் தோமில் தமிழ் உரைகல் இருந்தது.

மூன்றாவது கல்லைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1819இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காட்டை வெட்டித் திருத்தியபோது, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள பெரும் பாறையொன்று வெளிப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. எந்த மொழி, எவர் எழுதியது என்று பலரும் ஆராய்ந்தனர். ஒருவராலும் முடிவாகப் படிக்க இயலவில்லை. 1843இல் கட்டுமானப் பணிக்காக அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. இன்றும் அது வாய் திறக்கவில்லை.

மூன்று கற்களையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். முதல் இரண்டு ஊர்களிலும் அன்றைய தமிழ்க் குடியிருப்புகள் தொடரவில்லை. பட்டறையும் குளக்கரையும் காட்டுக்குள் அடங்கின. ஆயினும் அக்கற்கள் இன்று நம்மோடு பேசுகின்றன. தமிழ் வேறிடங்களில் வாழ்ந்து, அவற்றைப் படிக்க ஆளை வைத்திருந்ததே அதற்குக் காரணம். சிங்கப்பூர்ப் பாறையோ முழுமையாக நின்ற 24 ஆண்டுகளிலும் படிப்பாரின்றியே நின்றது. கல் நிலைப்பதனால் மட்டும் எழுத்து நிலைப்பதில்லை.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுகளுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக இருந்தது. தமிழ் இங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று; பள்ளியிலும் நாணயத்தாளிலும் அதற்கு இடம் உண்டு. இவை பெரும்பேறு. எனினும் இவை கல்லில் பொறித்த எழுத்தைப் போன்றவை. படிப்பாரையும் பேசுவாரையும் தாமே உண்டாக்க வல்லவை அல்ல. தக்குவாபாவினர் குளத்தை வெட்டியதும் அதனைக் காப்போர் இன்னார் என்று எழுதினர். நம் வீட்டுத் தமிழுக்குக் காப்போர் யார் என்பதை எந்தக் கல்வெட்டும் நமக்காக எழுதித் தரப்போவதில்லை. இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே அதற்கு நாம் எழுதும் விடை.