பபூன்

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமம். அம்மன் கோயில் பொங்கல். நான் முதன்முதலாக நாடகம் பார்த்தது அங்கேதான். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் ஊரே பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடித்துவிட்டது. பட்டாசு ஆலையிலிருந்து திரும்பியவர்களின் நகக்கண்களில், கழுவியும் போகாத அலுமினியப் பொடி மின்னியது. நோட்டீசில் ‘வள்ளி திருமணம்’ என்று போட்டிருந்ததால், முருகன் எப்போது வருவார் என்று அப்பத்தாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

“முருகன் வர நடுச்சாமம் ஆகும்டா. மொதல்ல பபூன் வருவான். அவன் போறவரைக்கும் முழிச்சிரு, போதும்” என்றாள்.

பபூன் வந்தான், முழித்திருந்தேன். முருகன் வந்தபோது அப்பத்தா மடியில் தூங்கிப்போயிருந்தேன். அதனால் எனக்கு நாடகம் என்றால் இன்றைக்கும் பபூன்தான்.

அப்பத்தாவுக்கு அது வேற்றுமொழிச் சொல் என்பதே தெரியாது. ஆங்கிலத்தின் ‘பஃபூன்’ நம் வாயில் பபூன் ஆனது. ஆங்கிலத்துக்கு அதைக் கொடுத்தது பிரெஞ்சு. பிரெஞ்சுக்குக் கொடுத்தது இத்தாலியம். அங்கே ‘பஃபாரே’ என்றால் உப்பி ஊதுவது. கன்னத்தை உப்பிக் காட்டிச் சிரிக்கவைத்தவனுக்கு அதிலிருந்து பெயர் வந்தது. சிவகாசிக்காரர்களுக்கு உடனே புஸ்வாணம் ஞாபகம் வரும். ஓசைதான் கிட்டே வருகிறது, உறவு கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத் தமிழ் நாடகமும் திரை கட்டிய மேடைக்கு ஏறியது. கூடவே கம்பெனி, சீன், பார்ட் என்று ஒரு மூட்டைச் சொற்களும் ஏறின. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்பவற்றில் பாதி வடமொழி, பாதி ஆங்கிலம்; ஒட்டிய பசை மட்டும் தமிழ். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் மதுரை வட்டாரத்தில் இன்னும் விடிய விடிய நடக்கின்றன. அவற்றுக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். நிலையான கம்பெனி இல்லை; அந்த ஒரு ராத்திரிக்கென்று ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவாள், முருகன் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்த மேடையில் கூட்டத்தை முதலில் கட்டிப்போடுகிறவன் பபூன். தனியாக நின்று ஊர் நடப்பைக் கிண்டலடிப்பான், பாடுவான். பிறகு ‘டான்ஸ்’ வருவாள். டான்ஸ் என்பது இங்கே ஆட்டத்தின் பெயர் மட்டுமில்லை, ஆடுகிற பெண்ணின் பெயரும்தான். இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி ஓய்ந்த பிறகுதான் கதை தொடங்கும்.

ஆள் புதியவன் இல்லை, பெயர்தான் புதிது. வடக்கே தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். தெற்கே தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இருக்கிறார்கள். கதைக்குள் ஒரு கால், கூட்டத்துக்குள் ஒரு கால் என்று நிற்பதுதான் இவர்கள் எல்லாருக்கும் வேலை. அப்புறம் ‘கோமாளி’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்க, ஏன் பபூன்? என் கணிப்பு இது: கோமாளி என்றால் அதில் பழைய ஏச்சின் வாடை அடிக்கும். பபூனுக்கு அந்த முன்கதை இங்கே இல்லை, அதனால் உத்தியோகப் பெயராக நிற்க முடிந்தது. ஆங்கிலத்தில் ஒருவரை அப்படிச் சொன்னால் வசவு. இங்கே அது நோட்டீசில் நடிகரின் படத்தோடும் பெயரோடும் அச்சாகிறது. ஊர்ப்பேச்சில் ‘பபூன் மாதிரி இருக்கான்’ என்று ஏசுவதும் உண்டுதான். ஆனால் பபூனைப் பேசி அமர்த்தாமல் எந்த ஊரும் நாடகம் வைப்பதில்லை.

விருதுநகர்ப் பக்கம் பொங்கல் சாட்டிய ஊரில் நாடகம் என்று கேள்விப்பட்டால், முருகன் வரும் நேரம் பார்த்துப் போகாதீர்கள். பத்து மணிக்கே பாயை விரித்துவிடுங்கள்.